புயல் வருமுன் வீட்டு முதியோரைக் காப்போம்

புரட்டாசி பிறந்துவிட்டால் காவிரிப் படுகை உழவர்களுக்கு ஓய்வு இல்லை. குறுவை நெல்லை அறுத்து, உலர்த்தி, மேடான இடத்தில் சேர்க்கிறோம். வடிகால் வாய்க்கால்களில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் அகற்றுகிறோம். தென்னையில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கி மரத்தின் பாரத்தைக் குறைக்கிறோம். பம்பு செட்டு மோட்டாரை மேடை மீது ஏற்றி வைக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்ய வேண்டிய இவ்வேலைகளை உழவர் பெருமக்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் திண்ணையில் அமர்ந்தபடி இவ்வேலைகளுக்கெல்லாம் யோசனை சொல்கிறாரே எழுபத்தைந்து வயதுத் தந்தையார், அவருக்கு என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்? கண் பார்வை மங்கிய அப்பாயியை, புயல் அடிக்கும் இரவில் யார் தூக்கிச் செல்வது, எங்கே கொண்டு போய் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோமா? "அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பல வீடுகளில் கிடைக்கும் விடை. அன்றைக்குப் பார்ப்பதற்கு நேரம் இராது என்பதைக் கடந்த காலப் புயல்கள் நமக்குக் காட்டியுள்ளன.

தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. வங்கக் கடலில் உருவாகி நம் கரையைத் தாக்கும் பெரும் புயல்களும் பெரும்பாலும் இக்காலத்திலேயே வருகின்றன. 1977-ஆம் ஆண்டு நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயல் நவம்பர் 12-ஆம் நாள் அதிகாலையில் வந்தது. 2018-ஆம் ஆண்டின் கஜா புயல் நவம்பர் 16-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. இரண்டும் ஊர் உறங்கும் நேரம். மின்சாரம் இல்லாத இருட்டில், சாய்ந்து கிடக்கும் மரங்களுக்கு இடையே, நடக்க முடியாத ஒருவரை அழைத்துச் செல்வது எத்தகைய வேலை என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த ஏற்பாட்டைப் புரட்டாசியிலேயே செய்து முடிக்க வேண்டியதன் அவசியம் விளங்கும். அதற்கான வழிமுறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

முதியோருக்கு இடர் மிகுவது ஏன்?

வயது ஏற ஏற உடலின் சில இயல்புகள் மாறுகின்றன. இவற்றை அறிந்திருந்தால் என்ன ஏற்பாடு தேவை என்பது தானே விளங்கும்.

1. குளிர் தாங்கும் திறன் குறைகிறது. இளைஞர் நனைந்தால் உடல் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும். முதியவருக்கு அந்த நடுக்கமே குறைவு. ஈரத் துணியோடு காற்றில் இரண்டு மணி நேரம் இருந்தாலே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். பேச்சுக் குழறுவதும், காரணமின்றித் தூக்கம் சொக்குவதும் இதன் அறிகுறிகள்.

2. தாக உணர்வு மங்குகிறது. உடலில் நீர் குறைந்தாலும் தாகம் எடுப்பதில்லை. போதாக்குறைக்கு, வெளியிடத்தில் அடிக்கடி ஒதுங்க நேருமே என்ற கூச்சத்தால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் பலர். இதனால் மயக்கமும், சிறுநீர்த் தொற்றும், மனக் குழப்பமும் உண்டாகும்.

3. கால் உறுதி குறைகிறது. வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி உயரம் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். வழுக்கும் தரையில் ஒரு முறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அந்த முதியவர் மீண்டும் எழுந்து நடமாடுவது அரிது.

4. மருந்தை நம்பியே உடல் நடக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் நான்கு நாட்கள் தடைப்பட்டாலே பெருந்தீங்கு நேரலாம்.

5. காதும் கண்ணும் மந்தமாவதால் ஒலிபெருக்கி அறிவிப்பும், கைப்பேசிச் செய்தியும் அவர்களை எட்டுவதில்லை. யாராவது நேரில் சென்று சொல்ல வேண்டும்.

"நான் எங்கேயும் வரவில்லை"

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது வேறொன்று உண்டு. வீட்டை விட்டுக் கிளம்ப மறுக்கும் முதியவரின் பிடிவாதம் அது. இதைப் பிடிவாதம் என்று நாம் சொல்கிறோமே தவிர, அதன் அடியில் பெரும்பாலும் நியாயமான காரணம் ஒன்று இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்து அதற்கு முன்கூட்டியே வழி செய்துவிட்டால் பிடிவாதம் தளரும்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கடலிலிருந்து மூன்று மைல் தொலைவில் ஓட்டு வீடு. தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலை, பிள்ளைகளை ரிக்ஷா வண்டியில் ஏற்றிவிட்டு மகன் வந்து நிற்கிறார்.

"அம்மா, கிளம்புங்க. பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம்."

"நீ புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போ தம்பி. கொட்டாயில சினை மாடு நிக்குது. அதை விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

மகன் கெஞ்சுகிறார், பிறகு கோபிக்கிறார். மழை வலுக்கிறது. இருட்டிவிடுகிறது. இப்போது அந்த வீட்டில் ஆபத்துக்கு உள்ளாவது ஓர் உயிரா? தாயாரும் போகவில்லை; அவரை விட்டுவிட்டு மகனும் போக மாட்டார். ஒரு மாட்டுக்கு வழி சொல்லாமல் விட்டதால் இரண்டு உயிர்கள் ஓட்டுக் கூரையின் கீழ் தங்கிவிடுகின்றன.

இதே வீட்டில், புரட்டாசியிலேயே தாயாரை உட்கார வைத்து, "புயல் வந்தா மாட்டை எங்கே கட்டலாம்மா?" என்று கேட்டிருந்தால் நிலைமை வேறாக இருக்கும். எந்தக் களம் மேடு, எந்தத் தோப்பில் மரம் விழும், யார் வீட்டுத் தாழ்வாரம் உறுதி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொன்ன இடத்திற்கே எச்சரிக்கை வந்த அன்று காலையில் மாட்டை ஓட்டிச் சென்று விட்டு வந்தால், மாலையில் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும்: "மாட்டை அப்பவே மேட்டுத் தெருக் களத்துக்கு ஓட்டிட்டேம்மா. நீங்க சொன்ன இடத்துலதான் நிக்குது." இந்த ஒரு வாக்கியத்திற்காகவே முன்னேற்பாடு தேவைப்படுகிறது. (தண்ணீர் ஏறும் இடத்தில் எக்காரணம் கொண்டும் மாட்டைக் கட்டி வைக்கக் கூடாது, கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது நீந்தியாவது பிழைக்கும்.)

முதியோர் கிளம்ப மறுக்கும் மற்றக் காரணங்களும் அவற்றுக்கான வழிகளும் வருமாறு:

பொருள் பற்றிய கவலை: பெட்டியில் இருக்கும் பத்திரம், சுருக்குப் பையில் இருக்கும் நகை, மகள் கல்யாணத்துக்கு எடுத்த பித்தளைப் பாத்திரம் ஆகியவை திருடு போகுமோ என்ற அச்சம். பத்திரத்தையும் நகையையும் அவர் கண் முன்பாகவே கட்டி, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பாத்திரங்களை ஓர் அறையில் பரண் மீது ஏற்றிப் பூட்டி, சாவியையும் அவரிடமே தாருங்கள்.

கூச்சம்: ஊரார் நடுவே படுக்க வேண்டும், கழிப்பிடம் போக வேண்டும் என்ற வெட்கம். சொல்லப்படாத காரணம் பெரும்பாலும் இதுவே. குந்தி உட்கார முடியாதவருக்கு, பழைய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் இருக்கையில் வட்டமாகத் துளையிட்டு, ஓரங்களைத் துணி சுற்றி வழவழப்பாக்கி, அடியில் மூடியுள்ள வாளி ஒன்றை வைத்தால் போதும். மறைப்புக்கு ஒரு பழைய புடவையும் கயிறும் எடுத்துச் செல்லுங்கள். "உங்களுக்குத் தனியாக ஏற்பாடு இருக்கிறது" என்று முன்பே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் தீரும்.

பழைய அனுபவம்: "எழுபத்தேழு புயலையே இந்த வீட்டில் இருந்து பார்த்தவன் நான்." இந்தச் சொல்லை மறுத்துப் பேசுவது எளிதன்று, ஏனெனில் அது உண்மை. ஆனால் ஒவ்வொரு புயலும் ஒவ்வொரு விதம் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். 2008-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த நிஷா புயல் மழையால் கெடுத்தது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழை கொட்டியது. பத்தாண்டு கழித்து வந்த கஜா காற்றால் கெடுத்தது. வேரோடு சாய்ந்த தென்னந்தோப்புகளை நாம் பார்த்தோம். மேலும், காற்றின் வேகம் இருமடங்கானால் கூரை மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. 60 கி.மீ. காற்றைத் தாங்கிய கூரை 120 கி.மீ. காற்றையும் தாங்கும் என்று கணக்கிட முடியாது. 1977-இல் முழங்கால் உயரம் இருந்த தென்னம்பிள்ளை இன்று கூரைக்கு மேல் ஓங்கி நிற்கிறது. அன்று புதிதாக இருந்த சுவர் இன்று அரித்துப் போயிருக்கிறது. "அன்று நீங்கள் தப்பியது உண்மை, அன்று உங்கள் காலுக்கும் வயது முப்பதுக்குள் இருந்தது" என்று பேரன் சொன்னால் தாத்தா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

அவர்களது அனுபவத்தை ஒதுக்கிவிடவும் வேண்டாம். எந்த வாய்க்கால் கரை முதலில் உடைந்தது, தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது, எந்த வழி கடைசி வரை நடக்கத்தக்கதாக இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போக வேண்டிய வழியை முடிவு செய்ய இது பெரிதும் உதவும்.

புரட்டாசியில் செய்து முடிக்க வேண்டியவை

இடம்: முதலில் எங்கே செல்வது என்று முடிவு செய்யுங்கள். கான்கிரீட் கூரையுள்ள உறவினர் வீடு அருகில் இருந்தால் அதுவே முதியோருக்கு ஏற்றது. பழகிய முகங்களும் கழிப்பறையும் அங்கே இருக்கும். இல்லையெனில் ஊராட்சி அறிவிக்கும் பள்ளிக்கூடமோ, கடலோர ஊர்களில் கட்டப்பட்டுள்ள பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையமோ ஏற்றது. அந்த இடத்தை முன்கூட்டியே ஒரு முறை போய்ப் பாருங்கள். எத்தனை படி ஏற வேண்டும், கழிப்பறை எவ்வளவு தூரம், எந்த மூலையில் காற்றும் சாரலும் படாது என்று கவனியுங்கள். கூடுமானால் முதியவரையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். பார்த்த இடத்திற்குப் போக மனம் தயங்காது.

மருந்து: எப்போதும் 15 நாட்களுக்கான மாத்திரைகள் கையிருப்பில் இருக்க வேண்டும். புதிய அட்டை வாங்கியதும் பழையதை முதலில் பயன்படுத்திப் புதியதைப் பையில் வையுங்கள். ஊர்ச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்து பெறுபவர்கள், மழைக்காலத்திற்குச் சற்று முன்னதாகவே கேட்டுப் பெறலாம். மருந்துச் சீட்டைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைப்பதோடு, காகித நகல் ஒன்றையும் பையில் வையுங்கள். ஒரு வேளை உணவு கிடைக்காவிட்டால் சர்க்கரை மாத்திரையையோ ஊசியையோ என்ன செய்வது என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உண்ணாமல் மருந்து மட்டும் எடுத்தால் சர்க்கரை அளவு இறங்கி வியர்வை, நடுக்கம், குழப்பம் உண்டாகலாம். உடனே சர்க்கரையோ வெல்லமோ கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இன்சுலின்: மின்சாரம் நின்றால் குளிர்பதனப் பெட்டியை நம்ப முடியாது. பெரிய மண்பானையில் ஈர மணலைப் பரப்பி, அதன் நடுவே சிறிய மண்கலயத்தை வைத்து, இன்சுலின் குப்பியைத் தண்ணீர் புகாத உறையிலிட்டு அக்கலயத்துள் வைத்து மூடி, நிழலில் காற்றுப் படும்படி வைக்கலாம். மணலை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். பனிக்கட்டி மீது நேரடியாக வைத்து உறையவிட்டால் மருந்து கெட்டுவிடும்.

சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களையும், உயிர்வளிக் கருவியின் துணையோடு இருப்பவர்களையும் எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனை உள்ள நகரத்தில் கொண்டு சேர்த்துவிட வேண்டும். சாலை அடைபட்ட பின் இவர்களுக்கு வேறு வழி இல்லை.

பை: முதியவருக்கென ஒரு தனிப் பையை ஆயத்தப்படுத்தி, கதவின் அருகே ஆணியில் மாட்டி வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. 15 நாள் மருந்து, மருந்துச் சீட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் (பொட்டலத்தின் மேல் குறித்துள்ள அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும்).
2. மாற்று மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவிக்கான மின்கலம், பல் செட்டு வைக்கும் டப்பா.
3. இரண்டு செட் உடை, துண்டு, கம்பளி, குல்லாய், பிளாஸ்டிக் தாள், பழைய பருத்தித் துணிகள்.
4. டார்ச் விளக்கு, விசில். குரல் எழுப்ப முடியாதவரும் விசில் ஊதலாம்.
5. பல் இல்லாதவரும் உண்ணத்தக்க அவல், பொட்டுக்கடலை மாவு, வெல்லம், ரொட்டி வகைகள்.
6. ஆதார், குடும்ப அட்டை, உதவித்தொகை வரும் வங்கிப் புத்தகம், பட்டா, காப்பீட்டு இரசீது ஆகியவற்றின் நகல்கள். இவற்றைத் தண்ணீர் புகாத உறையில் இட்டு வைக்க வேண்டும்.
7. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் நின்றால் இயந்திரப் பணமும் கைப்பேசிப் பணமும் கிடைக்கா.
8. பெயர், வயது, ஊர், நோய், மருந்து, இரு உறவினரின் தொலைபேசி எண்கள் எழுதிய அட்டை. மறதி நோய் உள்ளவருக்கு இதைச் சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ வைக்க வேண்டும்.

ஊன்றுகோலைப் பையோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டாம். அது அவர் கையிலேயே இருக்கட்டும்.

தூக்கிச் செல்லும் முறை

நடக்க முடியாதவரைத் தூக்குவதற்குப் பலம் மட்டும் போதாது; முறையும் வேண்டும். கைகளைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் தவறு. மெலிந்த எலும்பு முறியும். தோள்பட்டை மூட்டு விலகும்.

இருவர் இருந்தால் கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியே சிறந்தது. முதியவரை அதில் அமர்த்தி, இடுப்பைச் சுற்றித் துண்டால் நாற்காலியோடு கட்டி, ஒருவர் முதுகுப் பக்கமும் மற்றவர் முன்கால்களையும் பிடித்துத் தூக்க வேண்டும். முன்னே செல்பவர் வழியைப் பார்த்து நடக்க வேண்டும். நால்வர் இருந்தால் கயிற்றுக் கட்டில் நன்று. மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, முகத்தை மூடாமல் விட வேண்டும். கருவியேதும் இல்லாதபோது, இருவர் எதிரெதிரே நின்று தத்தம் மணிக்கட்டையும் மற்றவர் மணிக்கட்டையும் மாற்றிப் பிடித்தால் ஓர் இருக்கை அமையும். முதியவர் அதில் அமர்ந்து இருவர் கழுத்தையும் பற்றிக்கொள்ளலாம்.

வெயில் நாள் ஒன்றில், வீட்டிலிருந்து தெருமுனை வரை ஒரு முறை தூக்கிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, எந்த வாசற்படியில் இடிக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பது அப்போதே தெரியும். நாற்று நடும் முன் சேற்றில் கால் வைத்துப் பார்ப்பது போன்றதுதான் இதுவும்.

எச்சரிக்கை வந்தபின் நாள்வாரியான வேலைகள்

வானிலைத் துறை புயல் எச்சரிக்கைகளைப் படிப்படியாக வெளியிடுகிறது. அதற்கேற்ப நம் வேலைகளையும் வகுத்துக்கொள்ளலாம்.

மூன்று நாட்களுக்கு முன்: கடலில் தாழ்வு மண்டலம் உருவானதாக அறிவிப்பு வரும்போதே பையைச் சரிபாருங்கள். கைப்பேசிகளை மின்னேற்றம் செய்யுங்கள். குடிநீரைக் காய்ச்சி நிரப்பி வையுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் ஒரு வாரத்திற்கு இருத்தல் நலம்.

இரண்டு நாட்களுக்கு முன், மஞ்சள் நிலை: உறவினர் வீட்டாருக்குச் சொல்லி அனுப்புங்கள். துணைக்கு வரும் ஆட்களை உறுதி செய்யுங்கள். மாட்டை மேட்டு நிலத்திற்கு மாற்றும் வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு நாளுக்கு முன், ஆரஞ்சு நிலை: முதியவரை இப்போதே, பகல் வெளிச்சத்திலேயே, மழை வலுக்கும் முன்பே அழைத்துச் சென்றுவிடுங்கள். மற்றவர்கள் கிளம்புவதற்கு ஒரு பொழுது முன்னதாக முதியவர் கிளம்ப வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டால் ஒரு நாள் அலைச்சல்தான் மிச்சம். "வீணாக இழுத்தடித்தாயே" என்று அவர் கடிந்துகொண்டால் கடிந்துகொள்ளட்டும்; கடிந்துகொள்ள அவர் இருக்கிறார்.

அரை நாளுக்கு முன், சிவப்பு நிலை: எவரும் வெளியே திரியக் கூடாது. அன்றுவரை அழைத்துச் செல்ல இயலாமல் போய்விட்டால், வீட்டின் உறுதியான உள்ளறையில், சன்னலுக்கும் ஓட்டுச் சரிவுக்கும் விலகி, கனமான மேசை அல்லது கட்டிலை அரணாகக் கொண்டு தங்குங்கள். தண்ணீர் ஏறும் பகுதி எனில் தாமதமின்றி மீட்புப் படையின் உதவியைக் கேளுங்கள்.

புயல் வீசும்போது திடீரென்று காற்று நின்று அமைதி நிலவினால், புயலின் கண் பகுதி நம் மீது கடக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று மீண்டும் தாக்கும். தோப்பைப் பார்த்து வருகிறேன் என்று முதியவர் வெளியே இறங்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். அவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

முகாமில் கவனிக்க வேண்டியவை

சுவரோரமாக, கழிப்பறைக்கு அருகில், தரையிலிருந்து சற்று உயரமாகப் படுக்கை அமையுங்கள். ஈர உடையை உடனே மாற்றித் தலையையும் காலையும் போர்த்துங்கள். தாகம் இல்லை என்றாலும் மணிக்கொரு முறை சிறிது வெந்நீரோ கஞ்சியோ கொடுங்கள். (நீர் அளவைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அதன்படி நடக்க வேண்டும்.) புதிய இடத்தில் இரவில் விழிக்கும் முதியவர் திசை தெரியாமல் எழுந்து நடந்து விழுவதுண்டு, ஆகையால் தெரிந்த ஒருவர் அருகிலேயே படுக்க வேண்டும். சிறு விளக்கு ஒன்று எரியட்டும். மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டுவதோ, ஜெனரேட்டர் ஓட்டுவதோ கூடாது. நிறமும் மணமும் அற்ற நச்சுப் புகை உறக்கத்திலேயே உயிரைப் போக்கிவிடும்.

புயல் ஓய்ந்தபின்

வீட்டுக்குத் திரும்ப முதியவரை அவசரப்படுத்த வேண்டாம். முதலில் வீட்டார் சென்று, அறுந்த மின்கம்பி, சாய்ந்த சுவர், தொங்கும் ஓடு, மூலை முடுக்கில் ஒதுங்கிய பாம்பு ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்து, தரையைக் கழுவி உலர்த்திய பிறகே அவரை அழைத்து வர வேண்டும். கஜாவுக்குப் பின் மின்சாரம் வரச் சில ஊர்களில் வாரக்கணக்கில் ஆயிற்று என்பதை நினைவில் வைத்து மருந்து, விளக்கு, குடிநீர் ஆகியவற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்.

தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். காலில் வெடிப்பும் புண்ணும் இருந்தால் எலிக் காய்ச்சல் கிருமி எளிதில் புகும். சர்க்கரை நோயாளியின் பாதத்தைத் தினமும் நீங்களே பார்க்க வேண்டும். காயம் பட்டது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைதல், திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடலுக்குச் செய்வதோடு மனத்துக்கும் செய்ய வேண்டும். நெட்டைத் தென்னை காய்க்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. தம் கையால் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்த தோப்பு ஓர் இரவில் கிடையாகக் கிடப்பதைப் பார்க்கும் எண்பது வயதுக்காரருக்கு, மறுபடி வைத்துப் பார்க்க ஆண்டுகள் மிச்சமில்லை என்பது தெரியும். அவர் சோறு வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் அதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். இழப்பீட்டுக்காக விழுந்த மரங்களைக் கணக்கெடுக்கும்போது நாற்காலி போட்டு அருகில் உட்கார வையுங்கள். எந்த வரிசையில் எத்தனை மரம், எந்த ஆண்டு வைத்தது, வரப்பு எங்கே ஓடியது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். கன்று வைக்கும் நாளில் முதல் குழிக்கு அவர் கையால் மண் தள்ளச் செய்யுங்கள்.

தனியே வாழும் முதியோர்

பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஊரில் தனியே வாழும் முதியோர் இன்று தெருவுக்குத் தெரு உள்ளனர். வெளியூரில் உள்ள பிள்ளைகள் தொலைபேசியில் "பத்திரமா இருங்க" என்று சொல்வதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அடுத்த வீட்டார் இருவரிடம் நேரில் பேசி, எச்சரிக்கை வந்தால் யார் போய்ப் பார்ப்பது, யார் வண்டியில் அழைத்துப் போவது என்று பொறுப்பைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் மற்றவர் இருப்பார். மாற்றுச் சாவி ஒன்று அவர்களிடம் இருக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சி மன்றத்திலும் பெயரைச் சொல்லி வையுங்கள்.

உழவர் மன்றங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, தம் தெருவில் நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், தனியே இருப்பவர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதினால் போதும். மீட்புப் படையினர் ஊருக்குள் வரும்போது முதலில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான்.

கதவின் பின்புறம் ஒட்ட வேண்டிய தாள்

பெரிய எழுத்தில் கீழ்க்கண்டவற்றை எழுதி ஒட்டி வையுங்கள்:

யார் அழைத்துச் செல்வது: .......... அவர் இல்லாவிட்டால்: ..........
எங்கே செல்வது: .......... எந்த வழி: ..........
பை இருக்கும் இடம்: ..........
மாட்டுக்கு இடம்: .......... ஓட்டிச் செல்பவர்: ..........
அவசர ஊர்தி: 108
மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077
மாநிலக் கட்டுப்பாட்டு அறை: 1070
முதியோர் உதவி எண்: 14567

இத்தாளை எழுதும்போது முதியவரும் உடன் இருக்க வேண்டும். அவரைக் கேட்டு எழுதியதாக இருந்தால், புயல் நாளில் அவர் தம் முடிவின்படியே கிளம்புவார். கேளாமல் எழுதியதாக இருந்தால் நம் கட்டளைக்காகக் கிளம்ப வேண்டியிருக்கும். அப்போதுதான் "நான் எங்கேயும் வரவில்லை" என்ற சொல் பிறக்கும்.

ஆகவே உழவர் பெருமக்கள், இந்தப் புரட்டாசியில் வாய்க்கால் தூர்த்து முடித்த மாலையில், திண்ணையில் பெரியவர் அருகே அமர்ந்து, "மழை வந்தா என்ன செய்யலாம்?" என்று அவரிடமே பேச்சைத் தொடங்குவார்களாக. அரை மணி நேரப் பேச்சும், ஒரு பையும், ஒரு தாளும் போதும். ஐப்பசி மழை எப்படி வந்தாலும் வீட்டின் மூத்தவரைப் பத்திரமாகக் கார்த்திகைத் தீபத்திற்கு வாசலில் அமர்த்தலாம்.